பெட்டியைத் திறந்தால்...

மலையேறும் ஆங்கிலம் – 9

போன வாரம் விட்ட இடம் இது: கல்வராயன் மலையில் ஒரு மாலை வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். தமிழில் பேசினால் கலகலவென்று இருக்கும் வகுப்பு, ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்ததும் அடங்கிவிடும். கேள்வி கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.

அந்த மௌனத்துக்கு நானும் ஒரு காரணம் என்பதை எனக்குப் புரியவைத்தவன் ஒரு பத்தாம் வகுப்புப் பையன். அன்று நான் எடுத்த பாடம் ‘தி டையிங் டிடெக்டிவ்’. ஆர்தர் கானன் டாயில் 1913-இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை; பாடநூலில் நாடகமாக இருக்கிறது. ஹோம்ஸ் சாகக் கிடக்கிறார், வாட்சனைக் கிட்ட வரவிட மறுக்கிறார். பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று முதலில் முழுக் கதையையும் தமிழில் சொன்னேன். ஹோம்ஸுக்கு நோயே இல்லை, கொலைகாரனைப் பிடிக்க நடிக்கிறார் என்பதையும் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவன் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னான்: “அதான் நடிக்கிறாருன்னு தெரிஞ்சுபோச்சே சார். அப்புறம் எதுக்கு சார் படிக்கணும்?”

அவன் சொன்னது சரி. அந்தப் பத்துப் பக்க ஆங்கிலத்தையும் கடந்துபோக அவனுக்கு இருந்த ஒரே காரணத்தை நான் முதல் ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டேன்.

நம் பாடநூலில் சரக்கு இல்லாமல் இல்லை. 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கேட்கும் காலடி ஓசையோடு ஜேம்ஸ் தர்பரின் கதை அதில் இருக்கிறது. ஹோம்ஸ் இருக்கிறார். துணைப்பாடத்தில் வீர் மிட்செல் எழுதிய ‘எ டைலமா’ இருக்கிறது. மேல்வகுப்புக்குப் போனால் ஓ ஹென்றியின் ‘ஆஃப்டர் ட்வென்ட்டி இயர்ஸ்’, ராபர்ட் ஆர்தரின் ‘தி மிட்நைட் விசிட்டர்’. நூல் போட்டவர்கள் மர்மத்தை அள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். அது வகுப்பறைக்கு வந்து சேரும்போது மர்மம் போய்ச் சுருக்கம்தான் மிஞ்சுகிறது. முதலில் தமிழில் கதைச்சுருக்கம், அப்புறம் அருஞ்சொற்பொருள், அப்புறம் கைடில் உள்ள கேள்வி பதில். இதில் எந்த இடத்திலும் பிள்ளை ‘அடுத்து என்ன?’ என்று தவிப்பதற்கு வழியே இல்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் கதை புதிதல்ல. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையில் வாழும் மக்கள் என்பதால் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்துபோன கதை இவர்களுடையது. தாத்தாக்கள் காலத்தில் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. பல வீடுகளில் பள்ளி வாசலைத் தாண்டிய முதல் தலைமுறை இந்தப் பிள்ளைகள்தான். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை. கதை சொல்ல ஆள் உண்டு. பாட்டி சொல்லச் சொல்ல ‘உம்’ கொட்டி வளர்ந்தவர்கள் இவர்கள். ‘உம்’ நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவாள். என் ஆங்கில வகுப்பில் யாரும் ‘உம்’ கொட்டவில்லை. நான் அதைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே போனேன்.

வேதாளம் இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தது! விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லும்; சிக்கலான இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். வாய் திறக்கக் கூடாது என்று வந்த அரசனே மீண்டும் மீண்டும் வாய் திறந்துவிடுகிறான். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: வாய் திறக்காத பிள்ளையை, தன்னை மறந்து திறக்கவைக்கும் ஒரு கேள்வி.

இதை நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர், தலச்சேரி என்று தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார். ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகம் முழுக்க மொழியாசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். அன்று கடலூர் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர். இந்த மலையை ஒட்டிய கள்ளக்குறிச்சி அந்த மாவட்டத்தின் ஒரு தாலுகா. 1993-இல் விழுப்புரத்தோடு போய், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது பின்கதை. உலகப் புகழ் பெற்ற அந்தச் சோதனையின் ஒரு வகுப்பறை நம் பழைய மாவட்டத் தலைநகரில்தான் இருந்தது.

பிரபுவின் அடிப்படை எண்ணம் எளிமையானது. மனம் மொழியின் மேல் இல்லாமல் விஷயத்தின் மேல் இருக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது. ஆகவே இலக்கண விதியைச் சொல்லாதே, தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைக் கொடு என்றார். ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் எல்லாம் அவர் வகுப்புக்கு வந்தன. அவருடைய பணிகளின் பட்டியலில் ‘யார் செய்தது?’ வகைக் கதைகளும் உண்டு: பிள்ளைகள் கதையைக் கேட்டு, பொருத்தமான விடையைச் சொல்லி முடிக்க வேண்டும். கொடுத்த தகவலிலிருந்து கொடுக்காத தகவலை ஊகித்து எடுக்கும் வேலைதான் மொழிக்கு மிகவும் நல்லது என்று அவர் கருதினார். துப்பறிவது என்றால் அதுதானே!

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று, அளவு. வகுப்பில் பாதிப் பேராவது, வேலையில் பாதியையாவது சரியாகச் செய்ய முடிந்தால் அது தகுந்த வேலை. எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அது மிகச் சுலபம். ஒருவருமே சொல்லாவிட்டால் மிகக் கடினம்.

அந்த அளவை வைத்து நானே ஒரு கதை எழுதினேன். மொத்தம் பதினோரு வாக்கியம், எல்லாம் சிறியவை. மலையில் ஒரு வீடு. சாயங்காலம் பாட்டி ஒரு சட்டித் தேனைப் பரண்மேல் வைக்கிறாள். இரவு எட்டு மணிக்கு மழை பிடிக்கிறது. விடிகாலை நாலு மணிக்கு நிற்கிறது. காலையில் சட்டியைக் காணோம். வாசலில் ‘அங்கிள்’ வண்டி நிற்கிறது. “நான் அஞ்சு மணிக்குத்தான் வந்தேன், மழை விட்ட பிறகு” என்கிறார் அவர். கடைசி வாக்கியம்: ‘தி கிரவுண்ட் அண்டர் தி பைக் வாஸ் டிரை.’

அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தேன். தமிழில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் கேள்வியே நான் எதிர்பாராதது. “சார், அங்கிள்னா மாமாவா, சித்தப்பாவா?” அவர்களுக்கு அது முக்கியம், மாமா தேனை எடுத்தால் அது உரிமை, சித்தப்பா எடுத்தால் வேறு விஷயம்! நான் பதில் சொல்லவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, நாலு தரமாவது படித்திருப்பாள்.

“சார், அண்டர்னா கீழதானே?”

“ஆமா.”

“டிரைன்னா காய்ஞ்சு இருக்கிறது?”

“ஆமாம்மா.”

“அப்ப வண்டி மழைக்கு முந்தியே வந்து நின்னிருக்கு சார்! அவரு பொய் சொல்றாரு!”

வகுப்பே எழுந்துவிட்டது. ‘அண்டர்’ என்ற சொல்லை ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள்தான் எல்லோரும். மேசைக்குக் கீழே பூனை, நாற்காலிக்குக் கீழே பந்து. அந்தப் பூனை அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. இங்கே அந்த ஒரு சொல்லில்தான் ஒரு மனிதரின் பொய் மாட்டிக்கொண்டது.

“இங்கிலீஷ்ல சொல்லு” என்றேன். “பைக் கம் பிஃபோர் ரெயின்” என்றாள். பாதி வாக்கியம்தான், விஷயம் முழுசாக இருந்தது. அப்போதுதான் பலகையில் எழுதினேன்: ‘தி பைக் ஹேட் கம் பிஃபோர் தி ரெயின்.’ இந்த ‘ஹேட்’ எதற்கு என்று கேட்டார்கள். “மழை வந்தபோது வண்டி வந்ததுன்னா ரெண்டும் ஒரே நேரம். மழை வந்தபோது வண்டி வந்திருந்ததுன்னா?” என்று திருப்பிக் கேட்டேன். “வண்டிதான் முதல்ல!” பல வகுப்புகளில் நான் விதியாகச் சொல்லி நடக்காதது நடந்தது. அவர்களுக்கு ஒரு ‘இருந்தது’ தேவைப்பட்டது. தேவைப்பட்ட நொடியில் அது கிடைத்தது.

இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் திட்டத்தை ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் மதிப்பிட்டு 1985-இல் எழுதினார்கள். வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறையில் படித்தவர்களே மேலாக இருந்தார்கள்; பொருள் புரிந்து மொழியைக் கையாளும் தேர்வுகளில் பிரபுவின் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். நம் பொதுத்தேர்வுக்கு இரண்டும் வேண்டும். ஆகவே மர்மக் கதை வகுப்பு முடிந்த மறுநாள், அதே வாக்கியங்களை வைத்து எழுத்துப் பயிற்சியும் கொடுத்தாக வேண்டும்.

கதையின் பலத்துக்கு இன்னொரு சாட்சி பிஜித் தீவு. 1980-களின் தொடக்கத்தில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் அங்குள்ள கிராமத் தொடக்கப் பள்ளிகளில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளின் வகுப்புகளுக்குச் சுவையான கதைப்புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். வாசிப்பில் அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சி வழக்கத்தைப் போல் இரு மடங்கு இருந்தது. அதற்கும் முன்னே, 1920-களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்கப் பிள்ளைகள் ஆங்கில வாசகங்களில் தடுக்கி விழுவது அரிய சொற்களால்தான் என்று கண்டு, பழகிய சொற்களிலேயே கதைகளைத் திருப்பி எழுதினார். நாமும் அதைச் செய்யலாம். தேன் சட்டிக் கதையில் புதுச்சொல் நாலைந்துக்கு மேல் இல்லை.

ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள்: தமிழே பேசக் கூடாதா? பேசுங்கள், தாராளமாக. சொல்லுக்குப் பொருள் கேட்டால் தமிழில் சொல்லுங்கள், பிள்ளை தமிழில் யோசிக்கட்டும், தமிழில் சண்டை போடட்டும். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கே நிறுத்துவது என்பதை வார இதழ்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். பொன்னியின் செல்வனுக்காக 1950-களில் ‘கல்கி’யை எதிர்பார்த்துக் காத்திருந்த வீடுகளில், எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்கூட வேகமாக வாசிக்கப் பழகினார்கள். ‘தொடரும்’ என்ற ஒரு சொல் செய்த வேலை அது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இங்கே அதிகம். ஒருமுறை பேய்க்கதை ஒன்றைச் சொன்னேன். அன்று இரவு ஒரு சிறுமி தூங்கவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டு வருந்தினேன். அதன்பின் என் கதைகளில் ரத்தம் இல்லை, பேய் இல்லை. காணாமல் போன பொருள், பூட்டிய அறை, பொருந்தாத ஒரு சொல்: இவை போதும்.

இரண்டு மாதம் கழித்துத்தான் ‘எ டைலமா’வை எடுத்தேன். பாடநூலில் எனக்கு மிகப் பிடித்த கதை. நவமணிகளைச் சேர்ப்பதே வாழ்க்கையாக இருந்த ஒருவர் இறந்துபோகிறார். மருமகனுக்கு ஓர் இரும்புப் பெட்டியை விட்டுச்செல்கிறார். உள்ளே விலைமதிப்பற்ற மாணிக்கக் கற்கள், கூடவே டைனமைட். சாவி போட்டுத் திறந்தால் வெடிக்கும் என்று கடிதம் சொல்கிறது. வறுமையில் வாடும் மருமகன் என்ன செய்வான்? மிட்செல் சொல்லவில்லை. கதை அங்கேயே முடிகிறது.

விடுதிப் பிள்ளை ஒருவனின் டிரங்குப் பெட்டியை மேசைமேல் வைத்து, மூன்று நாளில் கதையைப் படித்தோம். மூன்றாம் நாள் கடைசி வரி வந்ததும், “மீதி எங்க சார்?” என்று புத்தகத்தைப் புரட்டினார்கள். மீதி இல்லை என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தண்ணீரில் முக்கித் திறக்கலாம் என்றான் ஒருவன். கீழே ஓட்டை போடலாம் என்றாள் ஒருத்தி. ‘அண்டர் தி பாக்ஸ்’ என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள். அவரவர் முடிவை எழுதிவரச் சொன்னேன்.

மறுநாள் அந்தக் கடைசி வரிசைப் பெண் ஒரு தாளை நீட்டினாள். டைனமைட்டே கிடையாது, அந்த மாமா பொய் சொல்லியிருக்கிறார் என்பது அவள் கட்சி. காரணத்தை இரண்டே வாக்கியத்தில் எழுதியிருந்தாள்: ‘ஹி லவ்ட் தி ஸ்டோன்ஸ். ஹி வில் நாட் கில் தி ஸ்டோன்ஸ்.’

‘வில்’ அங்கே ‘வுட்’ ஆக இருக்க வேண்டும். சிவப்புப் பேனாவைத் திறந்தேன். நான் அத்தனை முறை படித்தும் எனக்குத் தோன்றாத விடை அது. பேனாவை மூடிவிட்டு, அதை வகுப்புக்கு உரக்க வாசிக்கச் சொன்னேன். இருபத்தோரு பேரும் ‘உம்’ கொட்டிக் கேட்டார்கள்.

அந்த ‘வில்’லை அவளே எப்படித் திருத்தினாள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)