ஏசிக்குள் ஐஸ்: கேஸ் மேல் பழி போடும் முன்

ஒரகடத்தில் ஏறும்போது கார் ஏசி ஜில்லென்று இருக்கிறது. படப்பை நெரிசலைக் கடக்கும்போதே காற்று மெலிகிறது. மண்ணிவாக்கம் வருவதற்குள் ப்ளோயரை நான்கில் வைத்தாலும் சத்தம்தான் வருகிறது, காற்றைக் காணோம். டீ குடிக்க இறங்கினால் வண்டிக்கு அடியில் குழாயைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீர். கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினால் ஏசி மறுபடியும் பழைய ஜில். "கேஸ் கம்மியா இருக்கும் சார், நாளைக்குப் போட்டுடறேன்" என்கிறார் ஓட்டுநர்.

போடுவார். அடுத்த வாரம் மண்ணிவாக்கத்தில் அதே கதை நடக்கும். ஏனென்றால் அந்த வண்டிக்குள் குளிர் குறையவில்லை, அளவுக்கு மேல் கூடிவிட்டது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் மேல் ஐஸ் கட்டி, காற்று போகும் வழியையே அடைத்துவிட்டது.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் கார் ஏசி குளிர்வதற்கும் அடிப்படை ஒன்றுதான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இன்று நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கூலிங் காயிலுக்குள் அதை ஓரளவு அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் அது பூஜ்யத்துக்குச் சற்று மேலே கொதிக்கிறது. அழுத்தமானியில் சுமார் 28 பிஎஸ்ஐ காட்டினால் உள்ளே பூஜ்ய டிகிரி. அதுவே 20-க்கு இறங்கினால் மைனஸ் 5 டிகிரியைத் தாண்டிவிடும். இந்த 28-தான் எல்லைக்கோடு. அதற்கு மேல் இருக்கும்வரை காயிலில் படியும் ஈரம் தண்ணீராகச் சொட்டி, வடிகால் குழாய் வழியே ரோட்டில் விழும். கீழே போய் அங்கேயே நின்றுவிட்டால் அந்த ஈரம் காயிலின் இதழ்களுக்கு நடுவே உறையத் தொடங்கும். ஐஸ் காற்றை மறிக்கும், காற்று குறைந்தால் காயிலுக்கு வெப்பம் கிடைக்காது, அழுத்தம் இன்னும் இறங்கும், இன்னும் ஐஸ் கட்டும்.

ஆக, காயிலை உறையாமல் காப்பது அதன் மேல் வீசும் சூடான காற்றே. சித்திரை வெயிலில் வராத இந்தத் தொல்லை ஐப்பசி மழையில் வருவதற்கும் அதுதான் காரணம். வெளியே சூடு குறைவு, காற்றில் ஈரமோ மிக அதிகம். குளிரைக் கடைசி அளவில் வைத்துவிட்டு, "சத்தம் வேண்டாம்" என்று ப்ளோயரை ஒன்றில் வைத்து ஓட்டினால், ஐஸுக்கு நாமே தட்டு வைத்துக் கொடுத்த மாதிரி.

காற்றைக் குறைக்கும் முதல் குற்றவாளி தூசி. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளிவந்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை, 2010-இல் ஒரகடத்தில் திறந்த ரெனோ–நிசான் ஆலை, பிறகு வந்த டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் என்று இந்த வட்டாரமே வண்டி செய்து பிழைக்கிறது. ஆனால் புது வண்டி ஏற்றிய டிரெய்லர்களும் எம்-சாண்ட் லாரிகளும் கிளப்பும் புழுதி, இங்கே ஓடும் பழைய வண்டிகளின் கேபின் ஃபில்டரில்தான் போய் அடைகிறது. பல கார்களில் இந்த ஃபில்டர் இடப்பக்க டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் கழற்றத் தெரிந்தால் போதும், பத்து நிமிட வேலை. ஆலை சொல்லும் கிலோமீட்டர் கணக்கு நல்ல சாலைக்கானது. ஒரகடம் பக்கம் தினமும் ஷிப்ட் அடிக்கும் வண்டிக்கு அதில் பாதியிலேயே கழற்றிப் பார்ப்பது நல்லது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊடே வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். விலை குறைந்த பழைய மாடல்கள் சிலவற்றில் ஃபில்டரே கிடையாது. அவற்றில் புழுதி நேரே ஈரக் காயிலில் ஒட்டிச் சேறாகிவிடும். அப்போது காயிலையே சுத்தம் செய்ய வேண்டும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் உறைகிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கட்-ஆஃப். காயில் இதழ்களுக்கு நடுவே குண்டூசி போல ஒரு சென்சார் செருகப்பட்டிருக்கும். காயில் பூஜ்யத்தை நெருங்கியதும் அது சொல்ல, கம்ப்ரஸர் சற்று நேரம் ஓய்வெடுக்கும். பல வண்டிகளில் 'டக்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம்தான். சென்சார் பழுதானாலோ, இடத்தைவிட்டு நழுவினாலோ, ரிலே ஒட்டிக்கொண்டாலோ கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 1940 மாடல் பேக்கார்டுதான் ஆலையிலிருந்தே ஏசியோடு வந்த முதல் கார். அதில் கம்ப்ரஸரைத் துண்டிக்க கிளட்ச்சே இல்லை. ஏசி வேண்டாம் என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சென்சார் செத்த கார் கிட்டத்தட்ட அந்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மெக்கானிக் சென்சாரை வெளியே எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்கி, மல்ட்டிமீட்டரில் அளவு மாறுகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் கேஸ். அது குறைந்தாலும் அழுத்தம் 28-க்குக் கீழே இறங்கி, காயிலின் ஒரு பகுதி உறையலாம் என்பது உண்மையே. ஆனால் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. சில மாதங்களில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மேலே மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. எத்தனை கிராம் போட வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். எடை போட்டு ஏற்றாமல் மீட்டரைப் பார்த்து உத்தேசமாக அடிக்கும் கடையில் வண்டியைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

கேஸ் குழாயைத் திறந்த கடையிலேயே இன்னொரு வம்பும் நுழையலாம். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய், கேஸைக் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் மிகச் சிறிய துளையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கேஸ் ஏற்றும் முன் அரை மணி நேரமாவது வேக்கம் போட வேண்டும். காற்றை உறிஞ்சி எடுத்தால் சாதாரண அறைச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் கடையில் முதலில் வெட்டு விழுவது இந்த அரை மணி நேரத்துக்குத்தான்.

காயில் உறைவதையும் மற்றக் கோளாறுகளையும் பிரித்தறிய மீட்டர் வேண்டாம், கை போதும். காற்றுத் துவாரத்தில் கையை வையுங்கள். காற்றே மெலிந்துவிட்டால் காயில் உறைந்திருக்கிறது. காற்று வேகமாக வந்தும் குளிர் மட்டும் போய்ப் போய் வந்தால் வால்வில் ஈரமோ, கேஸோ, கம்ப்ரஸரோ காரணமாக இருக்கலாம். மழை நாளில் துவாரத்திலிருந்து வெண்புகை போல வருவதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது வெறும் பனிமூட்டம், கோளாறு இல்லை.

வழியில் உறைந்துவிட்டால் ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். பதினைந்து, இருபது நிமிடத்தில் உருகிவிடும். தண்ணீர் ரோட்டில் விழாமல் கால்மிதியில் ஊறினால் வடிகால் குழாயும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பாடம் இனி கார்க்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்காது. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் என்2, என்3 வகை லாரிகளுக்கு, அதாவது 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு, ஓட்டுநர் கேபினில் ஏசி கட்டாயம். டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் உருவாவதே ஒரகடத்தில்தான். ஜன்னலைத் திறந்துவைத்தே வெயிலையும் புழுதியையும் சமாளித்துப் பழகிய ஓட்டுநருக்கு ஏசி கேபின் புதிது. ஒரு ஜன்னல் பாதி திறந்திருக்க ஏசியும் ஓடினால், வெளியே உள்ள ஈரம் முழுவதும் காயிலில்தான் வந்து படியும். புழுதியும் கூடவே வரும். ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு, குளிரை ஒரு படி குறைத்து, ப்ளோயரை இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் சரக்கு இறங்கும் ஊர்வரை காற்று குறையாது.