பழைய படகும் பிடிவாத போல்ட்டும்

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பிப் பழைய படகு வாங்குபவர்கள் முதலில் திகைத்து நிற்பது அதன் போல்ட்டுகளிடம்தான். வெளியே பளபளக்கும், ஸ்பானர் போட்டால் இம்மியும் அசையாது.

வாரநாள்களில் வானொலியில் பேசுவது என் வேலை. சில ஞாயிற்றுக்கிழமைகளாகப் போர்ட் கிள்ளானில் சித்தப்பாவுக்குக் கையாள். ஓய்வுபெற்ற பிட்டரான அவர், மீன்பிடிக்கப் போக ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார். “பேரப்பிள்ளைங்க பிடிச்சிக்கிட்டு நிக்கப்போற கம்பி இது. போல்ட்டைக் கழற்றிப் பார்க்காம தண்ணியில இறக்க மாட்டேன்” என்கிறார்.

கம்பியின் அடித்தட்டு அலுமினியம், போல்ட் எஃகு. உப்புநீர் இரண்டையும் நனைத்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடும். அரிபடுவது அலுமினியம். அதில் உண்டாகும் வெள்ளைத் தூள் உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும்; மரைகளுக்குள் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். அப்போது முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும்.

சித்தப்பாவின் வழி நிதானமானது. முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, கம்பித் தூரிகையால் தூளைச் சுரண்டுவார். பிறகு இடுக்குகளில் ஊடுருவும் எண்ணெயை விட்டு, சுத்தியலால் போல்ட் தலையில் லேசாகத் தட்டுவார். அந்த அதிர்வில் தூள் விரிசல்விட, எண்ணெய் உள்ளே இறங்கும். சில நாள் திரும்பத் திரும்ப இதே வேலை. போல்ட் தலையின் ஆறு பக்கங்களையும் கவ்வும் சாக்கெட்டைத்தான் மாட்டுவார். “அவசரப்படாதேம்மா. முதல்ல கொஞ்சம் இறுக்கு, அப்புறம் தளர்த்து” என்பார்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும். 1 மீட்டர் அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 23 மைக்ரோமீட்டர் நீளும். இந்த வகை எஃகு 16 அல்லது 17தான். அதனால் துவாரம் ஒரு மயிரிழை தளரும். ஆனால் தீச்சுடர் கூடவே கூடாது. பெட்ரோல் டாங்கை அகற்றி, காற்றோட்டமான இடத்தில் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியை மட்டும் பயன்படுத்தினோம். ஃபைபரும் சூடு தாங்காது. தட்டுக்கு மட்டும், விட்டுவிட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு தட்டின் நான்கு போல்ட்டுகளில் மூன்று நல்லபடியாக வந்தன. நான்காவதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தலை புதிதுபோல் மின்னியது. கழுத்தோ பாதியாக மெலிந்திருந்தது. எஃகைக் காக்கும் மெல்லிய படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத ஈர இடுக்கில் அது கிடைக்காமல், எஃகு மறைவாகவே அரித்துப்போகிறது. ஓர் அலையில் குழந்தை அந்தக் கம்பியில் சாய்ந்திருந்தால் என்னவாகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றே எல்லாத் தட்டுகளின் போல்ட்டுகளையும் மாற்ற முடிவுசெய்தோம்.

புதிய போல்ட்டின் மரையில் உலோகங்களைப் பிரித்துவைக்கும் பசையைத் தடவி, தலைக்கடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து, தண்ணீர் இறங்காதபடி சீலன்ட் பூசிப் பூட்டினோம். படகு வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இரண்டொரு போல்ட்டையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. பசை காயாமல் இருந்தால் சாதாரண ஸ்பானரே போதும். பத்து நிமிட வேலை.