பழைய டிராக்டருக்கு அடியில் டீசல் கறையா? கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

கடம்பத்தூர் பக்கம் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஷிஃப்ட் பார்க்கிறார்கள். வாசலில் 30 வயது தாண்டிய சிவப்பு டிராக்டர் நிற்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என எல்லாப் பட்டத்துக்கும் உழைத்த வண்டி. நவரை உழவு தொடங்கும் நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வரும்: "வண்டிக்கு அடியில டீசல் சொட்டுதுப்பா. என்னன்னு தெரியல."

சொட்டுதானே என்று விடலாமா? விநாடிக்கு ஒரு சொட்டு, 30 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் போய்விடும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது இது சின்னக் கணக்கு இல்லை. ஆனால், கண்ணுக்குத் தெரிந்து தரையில் சொட்டும் கசிவைவிட தெரியாமல் எஞ்சினுக்குள் இறங்கும் கசிவுதான் மோசம். அதற்குப் பிறகு வருவோம்.

டீசல் போகும் பாதை

1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகள்தான் இந்தப் பகுதியில் பழகிய முகம். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாத எஞ்சின் என்பதால் கசிவைக் கண்டுபிடிக்கக் கண்ணும் பொறுமையும் போதும்.

டேங்கிலிருந்து டேப் வழியாக இறங்கும் டீசலை ஃபீட் பம்ப் தள்ளிவிடுகிறது. ஃபில்டர்களைத் தாண்டி அது மெயின் பம்புக்குப் போகிறது. அங்கிருந்து மெல்லிய இரும்புக் குழாய்களில் அதிக அழுத்தத்தோடு நாசிலுக்குப் போகும். நாசிலில் மிஞ்சுவது ஓவர்ஃப்ளோ பைப் வழியாகத் திரும்பிவிடும். கசிவு இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்.

முதலில் துடையுங்கள்

பலரும் செய்யும் தப்பு, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் நட்டை முறுக்குவது. டீசல் மேலே கசிந்து, எஞ்சின் ஓரமாக வழிந்து, எங்கோ கீழே சொட்டும். கூடவே ஃபேன் காற்று வேறு அதைப் பின்னால் தள்ளும்.

அதனால் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஒவ்வொரு இணைப்பின் மேலும் முகப்பவுடரைத் தூவலாம். சிரிப்பாக இருந்தாலும் இது நன்றாகவே வேலை செய்யும். எந்த இடத்தில் பவுடர் முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு.

எஞ்சினை ஓட்டாமலே டேப்பைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள். டேங்க் எஞ்சினுக்கு மேலே இருப்பதால் கசிவு அப்போதே தெரியலாம். டேப்பை மூடியும் நிற்காவிட்டால் டேங்க் அல்லது டேப்பிலேயே கோளாறு. மூடினால் நிற்கிறது என்றால் அதற்குக் கீழே தேட வேண்டும். ஓடும்போது மட்டும் நனைந்தால் ஃபீட் பம்புக்கு அப்புறம் உள்ள பகுதியைச் சந்தேகப்படலாம்.

ஃபில்டர் இணைப்புகளில் பெரும்பாலும் தேய்ந்த காப்பர் வாஷர்தான் குற்றவாளி. புதிது போடுவது நல்லது. அவசரத்துக்குப் பழைய வாஷரைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கி மாட்டுவது பட்டறைகளில் வழக்கம். கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் மரைதான் போகும்.

கையை வைக்காதீர்கள்

மெயின் பம்பிலிருந்து நாசில் வரை போகும் குழாய்களில் அழுத்தம் சுமார் 200 பார். காரின் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இருக்காது. இந்தக் குழாயில் ஊசிமுனை விரிசல் இருந்தாலும் டீசல் பனிபோலப் பீய்ச்சும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே திசு அழுக ஆரம்பிக்கும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் இது. வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்த இடத்தைச் சோதிக்க, கண்ணாடி போட்டுக்கொண்டு ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்தால் போதும், நனைந்து காட்டிவிடும்.

டேங்க் ஓட்டை என்றால் தற்காலிகமாகச் சோப்பை அழுத்தித் தேய்ப்பது கிராமத்துக் கைவைத்தியம். பட்டறை வரை ஓட்ட அது போதும். ஆனால், உள்ளே ஆவி போகச் சுத்தம் செய்யாத டேங்கில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். காலி டேங்க்தானே என்ற நினைப்புதான் ஆபத்து.

தரையில் சொட்டவே இல்லை, ஆனால் டீசல் குறைகிறதா?

டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், தண்ணியாக ஓடினால், டீசல் வாசனை அடித்தால், டீசல் சம்புக்குள் இறங்குகிறது. நியூஸ் பேப்பரில் ஒரு சொட்டு ஆயில் வைத்தால், நடுவில் கறுப்பும் சுற்றி வெளிர் வளையமும் பரவுவதும் ஓர் அறிகுறி. நீர்த்த ஆயிலோடு உழவுக்குப் போனால் பேரிங் தேய்ந்து எஞ்சின் வேலையே வரும். பல மாதக் கூலியை அது விழுங்கிவிடும்.

ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருப்பது இதற்கு வழக்கமான காரணம். பைப்புகளை மாட்டியபடியே ஃபீட் பம்பை எஞ்சினிலிருந்து கழற்றி, கைப் பம்பை அடித்துப் பாருங்கள். அடியில் டீசல் வந்தால் டயாஃப்ரம் போயிருக்கிறது. வராவிட்டால் ரோட்டரி பம்பின் ஷாஃப்ட் சீல், அல்லது நாசில். நாசில் ஒழுகினால் பெரும்பாலும் வெள்ளைப் புகையும் சேர்ந்துகொள்ளும். இவை இரண்டும் டீசல் பம்ப் சர்வீஸ் கடை வேலை, வீட்டில் கைவைக்க வேண்டாம்.

புது டீசல் மேல் பழி போடுபவர்களும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 டீசல், அதாவது கந்தகம் 10 பிபிஎம்-க்கு மேல் இல்லாத டீசல்தான் விற்கப்படுகிறது. 1993-ல் அமெரிக்கா குறைந்த கந்தக டீசலுக்கு மாறியபோது பழைய பம்புகளின் ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசிந்தது உண்மை. அதற்காக 30 வருட ரப்பரை விட்டுவிட்டு டீசலை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மாற்றும்போது டீசலைத் தாங்கும் விட்டான் சீல் கேட்டு வாங்கலாம்.

சம்பில் டீசல் கலந்திருந்தால் சீலை மாற்றியதோடு விட முடியாது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் முழுசாக மாற்றிவிட்டு, டீசல் லைனில் ஏர் எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது டிப் ஸ்டிக்கை மறுபடியும் ஒருமுறை உருவிப் பாருங்கள்.