முடிப்புக் காசு ஏன் கறுக்கிறது?

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஏழுமலையானுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். சில முடிப்புகள் தலைமுறை தாண்டியும் பெட்டியிலேயே கிடக்கும். அவிழ்த்தால் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்: விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, நடுவில் பொன்மஞ்சள். எவ்வளவு அழகு!

இது அழுக்கல்ல. காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகிறது. மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி கலப்பதால் நிறம் பிறக்கிறது. மழைநாளில் சாலைத் தண்ணீரில் எண்ணெய் மினுங்குமே, அதே கணக்கு. படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு.

பச்சை பூத்திருந்தால் அது வேறு சங்கதி. 1940க்கு முந்தைய ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. வியர்வை உப்பும் ஈரமும் அந்தச் செம்பை அரிக்கின்றன. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அந்தக் காசுகளில் செம்பு அதிகம். காசைப் போட்டு வைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையும் பச்சைப் பிசுக்கைக் கொண்டுவரும்.

தயவுசெய்து புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்புக்குள் இருப்பதும் காசின் வெள்ளிதான்.