பதிவேட்டின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கிழக்கே ஒஹையோவிலிருந்து மேற்கே கான்சஸ், நெப்ராஸ்கா சமவெளிகள் வரை பரந்துகிடக்கும் பன்னிரண்டு மாநிலங்களை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ‘மிட்வெஸ்ட்’, அதாவது நடுமேற்கு, என்று வகைப்படுத்துகிறது. மக்காச்சோளமும் கோதுமையும் சோயாவும் விளையும் இந்நிலத்தின் சிற்றூர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்த உழவர்களைப் பற்றியும், அவர்களின் மனைவியரைப் பற்றியும், பருவத்துக்குப் பருவம் பண்ணை மாறிய கூலியாட்களைப் பற்றியும் இன்று எதையேனும் அறிய முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அவர்களை நினைவில் வைக்க வேண்டும் என்று எவரும் திட்டமிட்டது அன்று. வரி வாங்கவும், நிலம் அளக்கவும், தலை எண்ணவும், படம் எடுத்து விற்கவும் உண்டாக்கப்பட்ட தாள்களிலும் தகடுகளிலும் அவர்கள் தற்செயலாகப் பதிந்துபோனார்கள். அந்தத் தாள்கள் யாரைக் கேட்டன, யாரைக் கேட்காமல் விட்டன என்பதை வைத்தே ஒருவர் நினைவில் நிற்பதும் மறைவதும் முடிவாயின.

முதல் பதிவு நிலத்தின் பதிவு. 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாட்டை ஆறு மைல் சதுரங்களாக வகுத்தது. ‘டவுன்ஷிப்’ எனப்பட்ட அச்சதுரம் ஒவ்வொன்றும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் பதினாறாம் பகுதி பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. 1862-இல் லிங்கன் கையொப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு அத்தகைய பகுதியில் நான்கில் ஒன்றை, அதாவது 160 ஏக்கரை, சிறு கட்டணத்துக்குப் பட்டா செய்து கொடுத்தது. மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே இந்நிலத்தைக் கோரலாம் என்பது அக்காலத்துக்குப் பெரிய உரிமைதான். ஆனால் கணவனுடன் வாழும் மனைவி குடும்பத் தலைவராகக் கருதப்படாததால், அவர் எத்தனை ஏக்கர் உழுது களையெடுத்திருந்தாலும் பட்டாவில் பெயர் ஏறவில்லை. அந்நிலம் அதற்கு முன்பு பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தங்களாலும் படை வலிமையாலும் பறிக்கப்பட்டது என்பதை அளவைப் புத்தகங்கள் சொல்வதில்லை. அவற்றின் கணக்கு காலிமனையிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்து வந்தவை அச்சிட்ட ஊர் வரலாறுகள். 1870-களிலும் 1880-களிலும் சிகாகோ போன்ற நகரங்களின் பதிப்பாளர்கள் ஒவ்வொரு ‘கவுண்டி’க்கும், அதாவது மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சி வட்டாரத்துக்கும், தடித்த வரலாற்று நூல்களையும் நிலப்படத் தொகுதிகளையும் வெளியிட்டார்கள். 1875-இல் ஆல்ஃபிரட் ஆண்ட்ரியாஸ் வெளியிட்ட அயோவா மாநில நிலப்படத் தொகுதி இவ்வகையில் பேர்பெற்றது. முகவர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று முன்பணம் வாங்கினார்கள். பணம் கட்டியவரின் வாழ்க்கைக் குறிப்பு நூலில் இடம்பெற்றது. இன்னும் கூடுதலாகக் கொடுத்தவருக்கு அவருடைய வீடு, களஞ்சியம், வேலி, மேயும் மாடுகள் எல்லாம் நேர்த்தியாகச் செதுக்கிய ஒரு முழுப்பக்கச் சித்திரம் கிடைத்தது. பிறந்த ஊர், வந்து குடியேறிய ஆண்டு, ஏக்கர் கணக்கு, சார்ந்த கட்சி, சேர்ந்த தேவாலயம் என்று நகரும் அக்குறிப்புகளின் கடைசி வரியில் மனைவியின் பெயரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வரும். குத்தகைக்காரர் அரிதாகவே தென்படுவார். கூலியாளுக்கு அங்கே இடமே இல்லை. இந்நூல்களைக் குறை சொல்லி ஒதுக்குவது எளிது என்றாலும், பல வட்டாரங்களில் தொடக்கக் குடியேறிகளைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே தொடர்ச்சியான உரைநடை இவைதான். ஆகவே விலை கொடுத்து வாங்கிய நினைவு இது என்பதை மறக்காமல் படிப்பதே முறை.

விலை கேட்காத பதிவு ஒன்று உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கூட்டரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850-க்கு முன்பு குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே குறித்தது. மற்றவர்கள் வெறும் எண்கள். அவ்வாண்டு முதல் அடிமைகளாயிராத ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1880 முதல் தலைவருக்கு அவர் என்ன உறவு என்பதும் எழுதப்பட்டது. பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, கோழி வளர்த்து, முட்டை விற்ற காசில் மளிகைக் கடனை அடைத்த பெண்ணின் தொழில் என்ற கட்டத்தில் ‘வீட்டைக் கவனிப்பவர்’ என்றே எழுத்தர்கள் எழுதிச் சென்றார்கள் என்றாலும், பெயராவது நின்றது. இந்தத் தொடர்ச்சியில் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மட்டும் அறுந்துபோயிற்று. வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் 1921 ஜனவரியில் மூண்ட தீயிலும் அதை அணைக்கப் பாய்ச்சிய நீரிலும் அதன் ஏடுகளில் பெரும்பகுதி பாழாயிற்று. மிஞ்சியவையும் பின்னர் அரசு ஆணைப்படியே அழிக்கப்பட்டன.

இந்த இழப்பு நடுமேற்கின் மேலைப் பகுதிக்குப் பேரிழப்பு. நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலும் குடியேற்றம் உச்சத்தில் இருந்தது 1880-களில்தான். பிறப்பு, இறப்புகளை மாநில அளவில் பதியும் முறை நெப்ராஸ்காவில் 1904-இலும் கான்சஸில் 1911-இலும்தான் வந்தது. எனவே 1880-க்குப் பின் பிறந்து 1900-க்கு முன் இறந்த ஒரு குழந்தை, சில மாநிலங்கள் இடையில் தாமாக எடுத்த கணக்கெடுப்பிலோ தேவாலய ஏட்டிலோ அகப்பட்டாலன்றி, எந்தப் பதிவிலும் இல்லாமலே போய்விடும். 1900-ஆம் ஆண்டு எழுத்தர்கள் மணமான பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை. ஒன்பது என்றும் ஆறு என்றும் ஒரு தாய் சொல்லியிருந்தால், அவ்விரு எண்களின் வேறுபாட்டில்தான் அந்த மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள். பெயர் இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. வரலாற்றாய்வாளர்கள் இக்கட்டங்களைக் கடந்து செல்லாமல் நின்று படிக்க வேண்டும். நடுமேற்கு ஏடுகளிலேயே மிகுந்த துயரம் அடங்கிய கட்டங்கள் இவை.

அப்படி மறைந்திருக்கக்கூடிய குழந்தைகளில் ஒன்று ஒளிப்படம் ஒன்றால் நினைவில் நின்றது. நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் உழவில் தேறாமல் போன சாலமன் புட்சர், 1886-இல் அவ்வட்டாரத்தின் வரலாற்றைப் படங்களாலேயே எழுதுவது என்று முடிவுசெய்து, குதிரை வண்டியில் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார். 1887-இல் அவர் எடுத்த ஒரு படத்தில் ஒரு குடும்பம் தம் சிறு மகனின் கல்லறையைச் சுற்றி நிற்கிறது. வீட்டின் முன் நின்று படமெடுத்துக்கொள்வதே வழக்கமாயிருக்க, அவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். குடும்பப் படத்தில் அவனும் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் காண இயலாது.

புட்சரின் படங்களில் பெரும்பாலானவை ‘சாட்’ வீடுகளின் முன் எடுக்கப்பட்டவை. மரம் அரிதான அச்சமவெளியில் குடியேறிகள் புல்வேர்கள் பின்னிக் கிடந்த மேல்மண்ணைத் தனிவகைக் கலப்பையால் நீளநீளமாகப் பெயர்த்து, துண்டுகளாக வெட்டி, செங்கல்போல் அடுக்கி, இரண்டு மூன்றடி கனமுள்ள சுவர் எழுப்பினார்கள். அதுவே சாட் வீடு. கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் கதகதப்பும் தந்த அவ்வீட்டில் மழைக்குக் கூரை ஒழுகும். மழை நின்ற பின்னும் சேறு சொட்டும். உள்ளே வெளிச்சம் போதாமையால் படம் எடுப்பது முற்றத்தில்தான். தாங்கள் வறியவர்கள் அல்லர் என்று ஊரிலிருக்கும் உறவினருக்குக் காட்ட, மேசை, தையல் இயந்திரம், தர்ப்பூசணிப் பழம், குதிரைகள் என்று இருந்தவற்றையெல்லாம் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு குடும்பத்தினர் மண்வீடு படத்தில் விழவே கூடாது என்று, வீட்டிலிருந்த இசைப்பெட்டியான ஆர்கனை வெளியே தூக்கிவந்து வைத்து, அதனருகே நின்று எடுத்துக்கொண்டார்கள். 1899-இல் புட்சரின் வீடு எரிந்தபோது எழுத்துப்படிகள் சாம்பலாயின. தானியக் கொட்டிலில் வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் தப்பின. நெப்ராஸ்கா மாநில வரலாற்றுக் கழகம் பிற்காலத்தில் அத்தகடுகளைக் கணினியில் மிக நுணுக்கமாகப் பதிவுசெய்தபோது, காகிதப் படத்தில் வெறும் கருமையாய்த் தெரிந்த வாசல்களுக்குள்ளிருந்து வீட்டின் உட்பொருள்கள் புலப்பட்டன. காட்ட விரும்பியதோடு, காட்ட எண்ணாததும் தகட்டில் பதிந்திருந்தது.

பெண்கள் தம்மைத் தாமே பதிந்துகொண்ட இடம் நாட்குறிப்பு. மிச்சிகனில் பிறந்து அயோவாவின் மான்செஸ்டர் ஊரருகே பண்ணையில் வாழ்ந்த எமிலி ஹாலி கில்லெஸ்பி, 1858 முதல் 1888-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். துணி தைத்தது, வான்கோழி வளர்த்தது, மகனையும் மகளையும் படிக்கவைக்கப் பாடுபட்டது ஆகியவற்றுக்கு நடுவே, மெல்ல மெல்ல முறிந்துவந்த தம் மணவாழ்க்கையும் அதில் இறங்குகிறது. பட்டாவிலும் ஊர் வரலாற்றிலும் ஒருபோதும் இடம்பெறாத செய்தி அது. மகள் சாராவும் சிறுவயது முதல் நாட்குறிப்பு எழுதி, கிராமப் பள்ளி ஆசிரியையாகி, முதுமையில் இருவர் ஏடுகளையும் அயோவா மாநில வரலாற்றுக் கழகத்திடம் ஒப்படைத்தார். தாயின் நாட்குறிப்பு 1989-இலும் மகளுடையது 1993-இலும் நூலாயின. ஒரு மகள் அந்த ஏடுகளைத் தூக்கி எறியாமல் காத்ததாலேயே இது கிடைத்தது.

இவ்வாறு காப்பதற்கு இடமும் பணமும் தேவை. அயோவாப் பெண்களின் தாள்களுக்கெனத் தனி ஆவணக் காப்பகம் வேண்டும் என்று லூயிஸ் நூன், மேரி லூயிஸ் ஸ்மித் என்ற இருவர் முனைந்தபோது, நூன் தம்மிடமிருந்த ஃப்ரீடா காலோவின் தன்னுருவ ஓவியம் ஒன்றை 1991-இல் ஏலத்தில் விற்றார். 16 லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. அப்பணத்தை அடிப்படையாகக் கொண்டு 1992-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் காப்பகம் திறக்கப்பட்டது. பண்ணைப் பெண்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்று அங்கே உள்ளன. ஓவியம் ஒன்றை இதைவிட நல்ல காரியத்துக்கு விற்றிருக்க முடியாது.

காத்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விஸ்கான்சினின் பிளாக் ரிவர் ஃபால்ஸ் ஊர் விடை தருகிறது. அவ்வூர் ஒளிப்படக்காரர் சார்ல்ஸ் வான் ஷைக்கின் படங்களையும், உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த சாவு, பித்து, தீவைப்புச் செய்திகளையும் அடுக்கி 1973-இல் மைக்கேல் லெஸி வெளியிட்ட நூல் பெரும் புகழ் பெற்றது. ஆனால் படத்திலிருப்பவர் யார் என்ற குறிப்பு அதில் இல்லை. முகங்கள் ஒரு காலத்தின் இருளுக்குச் சான்றாக நிற்கின்றனவே அன்றி மனிதர்களாக நிற்கவில்லை. அதே ஒளிப்படக்காரர், அவ்வட்டாரத்தின் பூர்வகுடியினரான ஹோ-சங்க் மக்களையும் பல்லாண்டுகள் படமெடுத்திருந்தார். விரட்டப்பட்டும் மீண்டும் மீண்டும் தம் நிலத்துக்கே திரும்பி வந்தவர்கள் அவர்கள். 2011-இல் அப்படங்கள் நூலானபோது ஹோ-சங்க் ஆய்வாளர்களே உடனிருந்து, முகத்துக்கு முகம் பெயரையும் குடும்ப வழியையும் சேர்த்தார்கள். இரண்டாவது நூலே மேலான வரலாறு.

ஆவணத்தை நம்பாமல் கூடிவந்தே நினைவைக் காத்தவர்களும் உண்டு. அடிமைமுறை ஒழிந்தபின் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877-இல் கான்சஸில் நிறுவிய நிக்கோடெமஸ் என்ற ஊர், 1888-இல் இரயில் பாதை விலகிச் சென்றதால் தேய்ந்தது. வெளியூர்களில் வாழும் அதன் வழித்தோன்றல்கள் இன்றும் ஜூலை இறுதியில் அங்கே வந்து கூடுகிறார்கள். 1996-இல் அவ்வூர் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று.

இத்தனைக்கும் வெளியே நிற்பவர் கூலியாள். அவருக்குப் பட்டா இல்லை. சந்தா கட்டி வாழ்க்கைக் குறிப்பு எழுதுவிக்கவும் வழியில்லை. கதிரடிக்கும் பருவத்தில் அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஒன்றுசேர்ந்து நீராவி இயந்திரத்தைப் பண்ணை பண்ணையாக நகர்த்தி வேலை முடித்த நாள்களில் கதிர்க்கட்டு சுமந்தவரும், பிற பண்ணையின் சமையலறையில் மூன்று வேளையும் ஆக்கிக் கொட்டிய வேலைக்காரப் பெண்ணும் இவ்வகையினரே. யாரோ ஒருவரின் குடும்பப் பட்டியலில், பிள்ளைகளின் பெயருக்குக் கீழே, உறவு என்ற கட்டத்தில் ‘வேலையாள்’ என்று கணக்கெடுப்பு எழுத்தர் எழுதிய ஒற்றை வரியே அவர்களில் பலருக்கு எஞ்சிய ஒரே ஆவணம். தனிமனிதர் விவரங்களை 72 ஆண்டுகள் கழித்தே பொதுப் பார்வைக்குத் திறப்பது அமெரிக்க நடைமுறை. 1950-ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்து கூலியாட்கள் பண்ணைகளை விட்டு வெளியேறிய காலத்தைக் காட்டும் 1960-ஆம் ஆண்டின் ஏடுகள் 2032-இல் திறக்கப்பட வேண்டும்.

(தொடரும்)