எங்கள் வீட்டு எட்டுக்கு ஆறடி சமையலறை

மும்பையில் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது சமையலறையைத்தான். பார்த்ததும் ஒரு பெருமூச்சு! ஊரில் நம் வீட்டுப் பூஜை அறையே இதைவிடப் பெரிது என்று தோன்றும். 1994-ல் நாங்கள் செம்பூரில் வாங்கிய ஃப்ளாட்டின் சமையலறை எட்டடிக்கு ஆறடி. ஒரு பக்கம் கடப்பா கல் மேடை, அதன் கோடியில் பாத்திரம் தேய்க்கும் 'மோரி', தலைக்கு மேல் ஒரு பரண். அவ்வளவுதான். இரண்டு பேர் நின்றால் ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடிக்கும்.

நான்கு வருஷம் சமாளித்துவிட்டு, 1998 தீபாவளி போனஸ் வந்ததும் மேடைக்கு அடியில் ட்ராலி போட்டேன். ஒரே அளவில், ஒரே உருவத்தில் முப்பது எவர்சில்வர் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் டைப் அடித்த லேபிள். தோழிகள் வந்து பார்த்துவிட்டு, "ஷோரூம் மாதிரி இருக்கே!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் மாமனார் காலமானதும் கும்பகோணத்திலிருந்து அத்தை எங்களோடு வந்துவிட்டார். நாற்பது வருஷம் கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்த கை. வந்த புதிதில் இரண்டு மூன்று நாள் சமையலறைக்குள் வந்தார். பிறகு ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார். காய் கொடுத்தால் நறுக்கித் தருவார். "உன் அடுப்படி அழகா இருக்கும்மா, நான் எதுக்குக் குறுக்கே?" என்பார். வயதாகிவிட்டது, ஓய்வு எடுக்கட்டும் என்று நானும் நினைத்துக் கொண்டேன். உண்மையைச் சொன்னால், இடித்துக் கொள்ளாமல் வேலை செய்ய முடிகிறதே என்று கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

2000 ஜூலையில் ஒரு மழை நாள். பள்ளியிலிருந்து நனைந்து வந்த பேரன் பஜ்ஜி கேட்டிருக்கிறான். நான் ஆபீஸிலிருந்து வரவில்லை. அத்தை மாசக்கணக்கில் இல்லாத உற்சாகத்தோடு உள்ளே போய், கடலை மாவை வாசனை பிடித்தே எடுத்துவிட்டார். மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் அரிசி மாவு வேண்டுமே! ஒரு டப்பாவைத் திறந்து அள்ளியும் விட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும், அவர் கையை நீட்டி, "ஏம்மா, இது அரிசி மாவுதானா? வழுவழுன்னு இருக்கே, நறநறப்பே காணோமே?" என்று கேட்கவும் சரியாக இருந்தது.

அது போரிக் பவுடர்! பையன் கேரம் போர்டில் தூவுவதற்கும், கரப்பானுக்கு மாவோடு பிசைந்து மூலையில் வைப்பதற்குமாக வாங்கியது. வரிசை கெடக் கூடாதே என்று அந்த விஷத்தையும் அதே எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்தவள் நான்தான். லேபிள் ஒட்டியிருந்தேனே என்று வாய் வரை வந்தது. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. பாத்திரம் தேய்க்க வரும் பாயிக்கும் தெரியாது. எனக்கோ லேபிளே வேண்டாம். பிறகு யார் படிக்க ஒட்டினேன்?

"தமிழ்ல எழுதி ஒட்டிடறேன் அத்தை" என்றேன்.

"எழுதினாலும் எனக்குப் பிடிபடாதும்மா. ஓரமெல்லாம் இருட்டா இருக்கு, ரொம்ப நாளா" என்றார், ஏதோ சில்லறை விஷயம் போல.

அந்த வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். கிளாக்கோமா என்றார். பக்கவாட்டுப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே வரும் நோய். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு மருந்து. (நாற்பதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் கட்டாயம்!) அத்தை ஹாலில் உட்கார்ந்தது ஓய்வுக்காக இல்லை. ஒரே மாதிரி முப்பது டப்பாக்களுக்கு நடுவே அவருக்கு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். அத்தை முக்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். முதல் வேலையாக போரிக் பவுடர், பினாயில், சோடா எல்லாம் சமையலறையை விட்டே போய், பால்கனியில் பூட்டிய பெட்டிக்குள் புகுந்தன. உப்புக்குப் பரணில் தூங்கிய பீங்கான் ஜாடி இறங்கியது; புளிக்கும் ஒரு ஜாடி. "உப்பும் புளியும் தகரத்தையே தின்னுடும், உன் எவர்சில்வர் எம்மாத்திரம்?" என்றார். சர்க்கரைக்குக் கைப்பிடி வைத்த தூக்கு. ரவைக்கு சதுர டப்பா. பருப்புகளுக்கு மட்டும் பழைய டப்பாதான்; துவரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், பாசிப் பருப்புக்கு இரண்டு, உளுந்துக்கு மூன்று. தொட்டால் தெரிய வேண்டும், அவ்வளவே.

தினமும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடையில். கனமானவை கீழே. எப்போதாவது எடுப்பது பரணில். அஞ்சறைப் பெட்டி அடுப்புக்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளி. அதற்குள் கடுகு எப்போதும் கைப்பிடிக்கு நேர் எதிரே. எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இதற்குப் பழகாமல் கஷ்டப்பட்டது நானும் என் கணவரும்தான். பாயி இரண்டே நாளில் பழகிவிட்டாள்!

பார்க்க எப்படி இருந்தது என்கிறீர்களா? ஷோரூம் போயே போச்சு. ஜாடியும் தூக்கும் சதுரமுமாக, பழைய சாமான் கடை மாதிரிதான்.

ஆனால் அத்தை திரும்பி வந்த பிறகுதான் மும்பை மழைக்காலத்தை நான் புரிந்து கொண்டேன். ஊரில் வருஷப் பருப்பை வாங்கி மொட்டை மாடி வெயிலில் காயவைத்துக் கொட்டி வைப்போம். இங்கே மாடியும் நம்முடையதில்லை, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வெயிலும் நம்முடையதில்லை. அந்த நாலு மாதமும் பதினைந்து நாளைக்கு மேல் சாமான் வாங்காதே என்றார். ரவையை வந்த அன்றே வறுத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து கட்டி பிடிக்கும். பருப்பில் காம்போடு நாலு காய்ந்த மிளகாய். பழசு தீராமல் அதன் மேல் புதுசைக் கொட்டவே கூடாது. அடியில் இருக்கும் ஒரு வண்டு போதும். டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்து, அணைத்த அடுப்பின் ஓரம் வைத்து ஈரம் போக்கிய பிறகே அடுத்த நிரப்பல். ஊரிலிருந்து மூட்டை கட்டி வரும் அப்பளம், வடாம் விஷயத்தில் மட்டும் அத்தையிடமும் மருந்து இல்லை. "மழைக்கு முன்னாடி பொரிச்சுத் தின்னுடு" என்பார்!

2005 ஜூலை 26-ஐ மும்பைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை. ரயில் இல்லை, பஸ் இல்லை. என் கணவர் ஆபீஸில் மாட்டிக் கொண்டார். எங்கள் கட்டடத்தில் மாலையிலேயே மின்சாரம் போய்விட்டது. கீழ்த் தளத்தில் தண்ணீர் புகுந்த குடும்பம் ஒன்று குழந்தைகளோடு மேலே வந்து எங்கள் ஹாலில் நனைந்தபடி நின்றது. மெழுகுவர்த்தியை எங்கே வைத்தேன் என்று நான் இருட்டில் அலமாரி அலமாரியாகத் தடவிக் கொண்டிருந்தேன்.

சமையலறையில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அப்போது அத்தைக்குப் பார்வை அனேகமாகப் போய்விட்டிருந்தது. அவருக்கு எல்லா இரவும் அதே இரவுதான். "தீப்பெட்டி உப்பு ஜாடிக்குப் பின்னாடி இருக்கு பாரு. மெழுகுவர்த்தி கிடைச்சா ஏத்து, எனக்கு வேண்டாம், அந்தப் பிள்ளைங்க தட்டு தெரிஞ்சு சாப்பிடணும்" என்றார். அரிசி உப்புமா. உப்பு, காரம் எதிலும் இம்மி பிசகில்லை.

ஒன்பது பேர் சாப்பிட்டோம். என் கணவர் மறுநாள் மத்தியானம் முழங்கால் சேறோடு வந்து சேர்ந்தபோது அவருக்கும் ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தார்.