ஏகமனதாக ஒரு தவறு

நம் சங்கத்துக்கு நான் இரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்தேன். "எங்கள் செயற்குழுவில் சண்டை சச்சரவே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பிள்ளைகளின் தமிழ் வகுப்பை ஞாயிறு காலையிலிருந்து சனி மாலைக்கு மாற்றியபோதும் அப்படித்தான். மாற்றலாம் என்று நான்தான் முதலில் பேச்செடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஐந்தே நிமிடத்தில் ஏகமனதாகத் தீர்மானம்! மூன்று மாதத்தில் 26 பிள்ளைகளில் 11 பேர்தான் மிஞ்சினார்கள்.

வகுப்பெடுக்கும் அம்மையார் பிறகு சொன்னார்: "சனிக்கிழமை டியூஷன் இருக்கு, பிள்ளைங்க வராதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார். எல்லாரும் சரின்னீங்க. நான் மட்டும் எதுக்குக் குறுக்கே பேசணும்னு இருந்துட்டேன்."

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 1961 ஏப்ரலில், நாடு கடந்து வாழ்ந்த கியூபாக்காரர்கள் சுமார் 1,400 பேரை கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறக்கிவிட்டது அமெரிக்கா. மூன்றே நாளில் படுதோல்வி. 1,100 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். ஆலோசகர் ஷ்லெசிங்கருக்கு இத்திட்டம் பிடிக்கவில்லை. அதிபர் கென்னடிக்குத் தனியே எழுதியும் கொடுத்தார். ஆனால் கூட்டங்களில் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக மிகவும் வருந்தி எழுதினார்.

1962 அக்டோபரில் அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். உடனே குண்டு வீச வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. இம்முறை கென்னடி சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார்; தம் முகம் பார்த்து மற்றவர்கள் பேசக் கூடாதல்லவா? ஆலோசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து திட்டம் எழுதி, மாற்றிக்கொண்டு, ஒருவர் திட்டத்தில் மற்றவர் ஓட்டை தேடினார்கள். குண்டுவீச்சுக்குப் பதில் கடல் முற்றுகை முடிவாயிற்று. அக்டோபர் 28-ஆம் தேதி ஏவுகணைகளைத் திரும்பப் பெற குருஷேவ் இசைந்தார். போர் தவிர்ந்தது.

கருத்து மோதலும் ஆள் மோதலும் ஒன்றல்ல. "இந்த நேரம் ஒத்து வராது" என்பது முதல் வகை. "இவருக்கு என்ன தெரியும்?" என்பது இரண்டாவது. இரண்டாவதற்குப் பயந்து முதலாவதையும் மூடி வைத்துவிடுகிறோம். வாய் மூடியிருப்பது சம்மதம் ஆகாது.

அதன்பின் கூட்டங்களில் நான் கடைசியாகத்தான் பேசினேன். "இதில் என்ன தவறு நேரலாம்?" என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டேன். நேரம் பிடித்தது, சில நாள் சூடும் பறந்தது. ஆனால் காபி ஒன்றாகத்தான் குடித்தோம்.

வகுப்பு மீண்டும் ஞாயிறு காலைக்கே வந்தது. ஏழு பிள்ளைகள் திரும்பினார்கள். எட்டுப் பேர் வரவே இல்லை.

அன்பர்களே, அடுத்த பொதுக்குழுவில் மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம்!